வசந்தாமணியின் படிவம்

கிட்டுசாமி பனிமலை ஏறப்போகிறான் என்ற செய்தி அந்தக் கட்டடத்துக்கு ஓர் அரிசி மூட்டையால்தான் தெரியவந்தது. அமெரிக்காவில், ஜர்னல் ஸ்கொயருக்குப் பக்கத்தில் பன்னிரண்டு மாடிப் பழைய கட்டடம். 1998 அக்டோபரிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு, இருபது பவுண்டு சோனா மசூரியை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு அவன் அதன் படிக்கட்டில் ஏறி இறங்கினான். மூன்றாவது நாள் ஏழாம் மாடி விசாலாக்ஷி ஆன்ட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"லிஃப்ட் மறுபடியும் ரிப்பேரா?"

"இல்ல ஆன்ட்டி, ப்ராக்டிஸ். பிப்ரவரில ஒரு மலை ஏறணும்."

"மேல கோயில் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. பனிதான்."

ஆன்ட்டி சற்று யோசித்தார். "அப்ப எதுக்குப்பா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதில் சொல்வதும் அத்தனை சுலபமாக இருந்திருக்காது. கிட்டுசாமிக்கு முப்பத்தாறு வயது. அவிநாசிப் பக்கத்துக்காரன். ஆற்றுக்கு அக்கரையில், மன்ஹாட்டனில் ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் வேலை. இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது வங்கியின் கம்ப்யூட்டர்கள் தேதியைத் தப்பாகப் படித்துவிடாமல் இருக்க, பழைய நிரல்களை வரிவரியாகத் திருத்த வேண்டும். நான்கு வருஷமாக அதே மாடி, அதே மேஜை. ஆனாலும் நிரந்தர ஊழியர்கள் மதியம் சாப்பிடும் வட்ட மேஜையில் அவனுக்கு நாற்காலி இருந்ததில்லை. யாரும் விரட்டவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை.

அந்த மேஜையில் நடுநாயகமாக உட்காருபவர் மார்த்தா. ஐம்பத்தெட்டு வயது. கையேடுகள் எழுதும் பிரிவில் இருந்தார். ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரியில் ஒரு நீண்ட வார இறுதியில், மலையேற்றத்துக்குப் புதியவர்கள் ஐந்து பேரை நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் அடிரான்டாக் மலைக்கு அழைத்துப் போவார். கயிற்றுக்கு மூன்று பேராக இரண்டு கயிறு, அவரையும் சேர்த்து ஆறு பேர். அவர் மேஜைக்குப் பின்னால் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. வெள்ளை வெளேரென்ற உச்சியில் ஆறு பேர், முகம் தெரியாதபடி மூடிக்கொண்டு, கயிற்றால் கட்டப்பட்டு நின்றார்கள். கிட்டுசாமி மூன்று குளிர்காலம் அந்தப் படத்தைப் பார்த்தபடி தண்ணீர் பிடிக்கப் போய்வந்தான். முகம் தெரியாத அந்த ஆறு பேரில் யார் நிரந்தரம், யார் கான்ட்ராக்ட் என்று சொல்ல முடியாது. அது அவனுக்குப் பிடித்திருந்தது. நான்காவது வருஷம் வாய்விட்டுக் கேட்டான். மார்த்தா உடனே சரி என்றார். நவம்பரில் முதல் நடைப் பயிற்சி, பனி இருக்காது, குடும்பத்தையும் கூட்டி வரலாம் என்றார்.

அவன் மனைவி வசந்தாமணியைக் கூட்டிப்போனான். மகள் யாமினிக்கு எட்டு வயது. அவளும் வந்தாள்.

வசந்தாமணி பி.காம். அவனோடு அமெரிக்கா வந்து ஆறு வருஷம். அவளுடைய விசாவில் வேலை பார்க்க அனுமதியில்லை. நவம்பர் நடைக்கு அவள் சுடிதாரும் ஸ்வெட்டரும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு, எட்டுப் பேருக்கு எலுமிச்சை சாதம் கட்டிய பையை ஒரு தோளில் மாட்டியபடி வந்தாள். ஹாரிமன் காட்டுப் பாதையில் முதல் ஏற்றத்திலேயே கிட்டுசாமிக்கு மூச்சு வாங்கியது. அரைமணி நேரத்தில் அவன் கடைசி ஆளாகிவிட்டான். மரங்களின் இடைவெளியில், வெகு முன்னால், மார்த்தாவின் சிவப்புத் தொப்பியும் அதன் பக்கத்தில் எலுமிச்சை சாதப் பையும் ஒரே சீராக ஏறிப்போவது தெரிந்தது. இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். ஏறும்போது பேச முடிகிறது என்பதே அவனுக்கு அதிசயமாக இருந்தது.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. நிலவறையில் இருக்கும் சலவை மெஷினுக்கும் ஒன்பதாவது மாடிக்கும் இடையில் ஆறு வருஷமாகத் துணிக்கூடை சுமந்தவள் அவள். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. நியூவார்க் அவென்யூ கடையிலிருந்து அரிசியும் பருப்பும் அவள் தோளில்தான் வந்தன. அவன் பயிற்சிக்கென்று தூக்கிய அந்த மூட்டையும் முதலில் அவள் தூக்கி வந்ததுதான்.

மார்த்தா திரும்பும்போது அவனிடம் சொன்னார்: "உன் மனைவிக்கு இயல்பாகவே ஒரு நிதானமான நடை இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்க முடியாது."

அவன் "தாங்க்யூ" என்றான். பாராட்டு அவனுக்கில்லை, நன்றி சொல்லும் பொறுப்பு மட்டும் அவனுக்கு.

எட்டாத உயரத்தில் இருப்பவன்மீது பொறாமைப்படுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அதற்கு லட்சியம் என்று பெயர் மாற்றிக்கொள்ளலாம். வட்ட மேஜைமீது அவனுக்கு இருந்தது அந்த வகை. ஒரே வீட்டில், ஒரே தட்டில் மிச்சத்தைப் பகிர்ந்து சாப்பிடுகிறவள்மீது வரும்போது அதற்கு வேறு பெயர் கிடைப்பதில்லை. அதனால் கிட்டுசாமி அதற்குப் பெயர் வைக்காமலே இருந்தான். மறுநாள் காலையிலிருந்து அரிசி மூட்டையோடு ஐந்து பவுண்டு துவரம்பருப்பையும் சேர்த்துக்கொண்டான், அவ்வளவுதான்.

ஜனவரியில் கேட்ஸ்கில் மலைச்சரிவு ஒன்றில் பனிப் பயிற்சி. பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் இரும்புப் பற்களுக்கு க்ராம்பான் என்று பெயர். அதைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். பிறகு வேண்டுமென்றே சரிவில் விழ வேண்டும். சறுக்கும்போதே குப்புறத் திரும்பி, பனிக்கோடரியின் அலகை மார்பின் எடையால் பனியில் அழுத்தித் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். யாமினி பிளாஸ்டிக் சறுக்கு வண்டியில் விளையாடிக்கொண்டிருந்ததால் வசந்தாமணி அவளுக்குக் காவலாகத்தான் வந்திருந்தாள். மார்த்தா அவளையும் கூப்பிட்டு ஒரு கோடரியைக் கையில் கொடுத்தார்.

கிட்டுசாமி மூன்று முறை விழுந்தான். மூன்று முறையும் கோடரி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கீழே குவித்து வைத்திருந்த முதுகுப்பைகள்தான் அவனை நிறுத்தின. வசந்தாமணி முதல் முறையே தன் உடம்பு நீளத்துக்குள் நின்றுவிட்டாள். மார்த்தா எல்லாரையும் கூப்பிட்டார். "வசந்தா, இன்னொரு முறை. எல்லாரும் அவள் தோளைப் பாருங்கள்." அவள் விழுந்தாள், நின்றாள். கனத்த கையுறை போட்ட கைகள் தட்டியதில் பொத் பொத் என்று மெத்தையை அடிக்கிற மாதிரி சத்தம் வந்தது. கிட்டுசாமியும் தட்டினான். கடைசியாகத் தொடங்கி முதலில் நிறுத்தினான்.

வீடு திரும்பும் வழியில் அவன்தான் வண்டி ஓட்டினான்.

"ஏனுங்க, ஒண்ணும் பேசாம வர்றீங்க?"

"ரோடு வழுக்குது."

"உப்புப் போட்டிருக்காங்களே."

பின் சீட்டிலிருந்து யாமினி, "அம்மா, யூ வேர் ஆஸம். அப்பா வென்ட் ஆல் த வே டு த பேக்பேக்ஸ்" என்று சொல்லிச் சிரித்தாள். வசந்தாமணியும் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, "சும்மா இரு கண்ணு, அப்பா டிரைவ் பண்றாங்க" என்றாள். அந்தச் சலுகைதான் சிரிப்பைவிட அதிகம் சுட்டது.

திங்கட்கிழமை அலுவலகத்தில், நான்கு வருஷமாக அவன் முழுப்பெயரைச் சொல்லிப் பார்க்காதவர்கள் வந்து, "வசந்தா எப்படி இருக்கிறாள்?" என்று விசாரித்தார்கள். வட்ட மேஜையில் அன்று அவனுக்கு ஒரு நாற்காலி நகர்த்தப்பட்டது. உட்கார்ந்தான். அவனிடம் கேட்டதெல்லாம் அவளைப் பற்றித்தான்.

சாப்பிட்டு எழும்போது மார்த்தா இரண்டு படிவங்களை நீட்டினார். உடல்நிலை விவரம், பொறுப்பேற்புக் கையெழுத்து. "ஒன்று உனக்கு. இன்னொன்று வசந்தாவுக்கு. ஆறாவது இடம் காலியாகத்தான் இருக்கிறது. அவளுக்கு விருப்பமா என்று கேள்."

கேட்டான். அதை மறைக்கும் துணிச்சல் அவனுக்கு இல்லை. அவள் சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"என்னையா? பேர் சொல்லியா கேட்டாங்க?"

"ம்."

"யாமினிய விசாலாக்ஷி ஆன்ட்டி பாத்துக்குவாங்களா?"

"கேட்டாப் பாத்துக்குவாங்க."

அவள் மறுபடி பிசையத் தொடங்கினாள். பிசைந்த கையில் ஒரு தாளம் வந்துவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாக் காகிதத்திலும் அவள் இன்னாருடைய மனைவி, அவரைச் சார்ந்தவர். விசாவில் அப்படி, இன்ஷூரன்ஸில் அப்படி, வாடகைப் பத்திரத்திலும் அப்படித்தான். அவளுக்கென்று தனியாக ஒரு படிவம் வந்தது இதுவே முதல் தடவை. கிட்டுசாமிக்கு அது புரிந்தது. புரியாமல் போயிருந்தால் அடுத்து அவன் செய்த காரியத்தைக் கொஞ்சம் மன்னிக்கலாம்.

அவள் அவன் இடத்தைப் பிடுங்கவில்லை. அவளுக்கும் ஓர் இடம் கிடைத்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஞாயிறு மதியம் இரண்டு படிவங்களையும் அவனே நிரப்பினான். அந்த வீட்டில் அதுதான் பழக்கம். குடியேற்றத் துறைக்கு, வங்கிக்கு, யாமினியின் பள்ளிக்கு, எதற்கானாலும் அவன் நிரப்புவான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுவான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குறிமேல் கையெழுத்திட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். படித்துப் பார்க்க மாட்டாள். படிக்கத் தெரியாமல் இல்லை. படித்துப் பார்ப்பது அவனைச் சந்தேகிக்கிற மாதிரி ஆகிவிடும் என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

ஏழாவது கேள்வி: மூச்சுத் தொந்தரவு எப்போதாவது இருந்ததுண்டா?

வசந்தாமணியின் அப்பா திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். பஞ்சுத்தூசியில் வளர்ந்த பெண்ணுக்குப் பத்து வயதிலிருந்து பதிமூன்று வரை இளைப்பு இருந்தது. பிறகு தானாக நின்றுவிட்டது. பெண் பார்க்கப் போன அன்று மாமனார் அதை அவராகவே சொன்னார். பத்து வருஷத்தில் கிட்டுசாமிக்கு ஒரு தடவைகூட அது நினைவுக்கு வந்ததில்லை. இப்போது கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தது.

'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டான். விவரம் எழுதும் கோட்டில், "ஆஸ்துமா, குளிர் ஒத்துக்கொள்ளாது" என்று ஆங்கிலத்தில் எழுதினான். முதல் சொல்லுக்கு ஏதோ ஓர் ஆதாரம் இருந்தது. மற்றவை முழுக்க அவனுடையவை. பொறாமைக்குப் பெரும்பாலும் பொய் தேவைப்படுவதில்லை. பழைய உண்மை ஒன்று கிடைத்தால் போதும், அதை ஊதிப் பெரிதாக்கிக்கொள்ளும்.

பென்சிலால் குறி போட்டான். அவள் வந்து கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எனக்குக் கம்பளிக் காலுறை எத்தனை ஜோடி வேணும்னு போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள்.

"அது வேற லிஸ்ட்" என்றான்.

வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. யாமினி உள்ளறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கை கழுவி உட்கார்ந்தான். முதல் தோசையை வைத்துவிட்டு வசந்தாமணி சொன்னாள்:

"மார்த்தா போன் பண்ணியிருந்தாங்க."

"எப்ப?"

"பதினோரு மணிக்கு. ஆஸ்துமா இருக்கறவங்கள அந்தக் குளிர்ல கூட்டிட்டுப் போக முடியாதாம். ரொம்ப வருத்தப்பட்டாங்க. மூணு தரம் சாரி சொன்னாங்க."

அவன் தோசையைப் பிய்த்தான், வாயில் போடவில்லை. "நீ என்ன சொன்ன?"

"சின்ன வயசுல இருந்துச்சுன்னு சொன்னேன். பொய் இல்லையே. குளிர் ஒத்துக்காதுன்னும் எழுதியிருக்கியேன்னு கேட்டாங்க. நான் எழுதலைன்னு சொல்லலீங்க. கீழ என்ற கையெழுத்துத்தான இருக்குது."

"வசந்தா, உன் நல்லதுக்குத்தான் நான்..."

"நல்லதுக்குன்னா எழுதறப்பவே சொல்லியிருப்பீங்க."

அவள் அடுத்த தோசையை ஊற்றினாள். மாவு வட்டமாகவே வந்தது.

"எங்கப்பா அன்னிக்கு அதைச் சொல்றப்ப எங்கம்மா உள்ள நின்னு கையப் பெசஞ்சுட்டு இருந்தாங்க, சொன்னா இந்த எடமும் தட்டிப் போயிரும்னு. அதுக்கு முன்னாடி ரெண்டு எடம் அதுலதான் போச்சு. மறைச்சுக் குடுக்க மாட்டேன்னு எங்கப்பா சொல்லிப்போட்டார். நீங்க, 'அதெல்லாம் ஒரு விஷயமாங்க மாமா'ன்னீங்க. கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் சரின்னேன். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. பத்து வருஷத்தில் அவள் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

"அதைப் பத்து வருசமா எடுத்து வச்சிருந்தீங்களா?"

"இல்ல வசந்தா. சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல. அன்னிக்குத்தான்..." நிறுத்திக்கொண்டான். பிறகு, "எல்லாரும் உன்னையே கேக்கறாங்க" என்றான். சொன்ன பிறகுதான் அது எத்தனை சின்ன விஷயம் என்று அவனுக்கே காதில் விழுந்தது.

"பொறாமைன்னு சொல்லுங்க. சொன்னா ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டீங்க."

தோசை ஓரத்தில் சிவக்கத் தொடங்கியது. அவள் திருப்பிப் போடாமல் நின்றாள்.

"ஆமா" என்றான்.

"சரி." அவள் தோசையைத் திருப்பினாள். "நாளைக்கு வரப்ப புது ஃபாரம் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி நானே மார்த்தாகிட்டக் கேட்டுக்கறேன்."

"வாங்கிட்டு வர்றேன்."

"பென்சில் குறியெல்லாம் போட வேண்டாம்."

மறுநாள் கொண்டுவந்தான். அதை நிரப்ப அவள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு கேள்வியையும் விரல் வைத்துப் படித்தாள். தெரியாத சொல்லை யாமினியிடம் கேட்டாள். அவளுக்கும் தெரியாதபோது அகராதியைப் பார்த்தாள். ஒரு கை தூரத்தில் செய்தித்தாள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிட்டுசாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏழாவது கேள்விக்கு 'ஆம்' என்றே எழுதினாள். பத்து முதல் பதிமூன்று வயது வரை, பஞ்சுத்தூசியால், அதன்பின் இல்லை என்று விவரமும் எழுதினாள். தனியாகப் பஸ் ஏறி ஒரு க்ளினிக்குக்குப் போனாள். டாக்டர் குழாயில் ஊதச் சொல்லி, படிக்கட்டில் ஏறி இறங்கச் சொல்லி, மறுபடி ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். அதைப் படிவத்தோடு வைத்து அவளே தபாலில் அனுப்பினாள். மார்த்தா போன் செய்து, வா என்றார்.

அன்று கிட்டுசாமி சொன்னான்: "நான் வேணா நின்னுக்கறேன். நீ போயிட்டு வா."

"உங்க இஷ்டம். எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவன் நின்றுகொள்ளவில்லை. பெருந்தன்மை என்று காட்டிக்கொள்ளும் வழியையும் அவள் அடைத்துவிட்டாள். மற்றபடி, அவனுக்குப் போக ஆசையாகத்தான் இருந்தது. கூடவே, போகாமல் வீட்டில் உட்கார்ந்து அவள் எப்படி ஏறுகிறாள் என்று கற்பனை செய்வது இன்னும் கொடுமை என்றும் தெரிந்தது. மீதமிருந்த மூன்று வாரமும் ஒரே அரிசி மூட்டையை இருவரும் முறைவைத்துத் தூக்கினார்கள். அவன் காலையில், அவள் யாமினியைப் பள்ளியில் விட்டுவந்த பிறகு. வீட்டில் பேச்சு நின்றுவிடவில்லை. காலுறை காய்ந்ததா, பால் வாங்க வேண்டுமா, எல்லாம் பேசினார்கள். அவள் குரலில் கோபம் இல்லை. அவன் அதைத் தேடினான். கோபம் இருந்தால் என்றைக்காவது தீரும்.

பிப்ரவரி பதினான்காம் தேதி, ஞாயிறு. அடிரான்டாக்கில் பாதை தொடங்கும் வண்டி நிறுத்தத்தில் விடிந்துகொண்டிருந்தது. பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒன்பது டிகிரி, ஃபாரன்ஹீட்டில். மூக்கு முடி உறைந்து குத்தியது. ஆறு பேரும் இடுப்புப் பட்டையும் க்ராம்பானும் கட்டி முடித்தார்கள். மார்த்தா அப்போது ஒரு விதி சொன்னார். தான் கட்டியதைத் தானே சரிபார்த்தால் போதாது. ஒவ்வொருவரும் தன் வார்களையும் கொக்கிகளையும் இன்னொருவரிடம் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். யாரிடம் கொடுப்பது என்பது அவரவர் விருப்பம். "மேலே போய் யோசிக்காதீர்கள். யார் கை தொட்டால் உங்களுக்கு நிம்மதியோ அவரைக் கூப்பிடுங்கள்."

கிட்டுசாமி கூப்பிட வாயெடுப்பதற்குள் வசந்தாமணி அவன்முன் மண்டியிட்டிருந்தாள். கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறும் விரலால் அவன் இடது பூட்ஸின் வாரை இழுத்துப் பார்த்தாள். தளர்வாக இருந்தது. அவிழ்த்து, பனியைத் தட்டி, மறுபடி இறுக்கிக் கட்டினாள். வலது காலையும் பார்த்தாள். எழுந்து இடுப்புப் பட்டைக் கொக்கியில் இரண்டு விரலை விட்டுச் சோதித்தாள். விரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன.

"இப்பச் சரியா இருக்குது" என்றாள்.

"உன்னோடத நான் பாக்கறேன், காட்டு" என்று அவன் குனிந்தான்.

அவள் ஓரடி பின்னால் வைத்தாள். அதில் வேகமோ வெறுப்போ இல்லை.

"வேண்டாங்க" என்றாள். திரும்பி, "மார்த்தா, கேன் யூ செக் மைன், ப்ளீஸ்?" என்று கூப்பிட்டாள்.

மார்த்தா வந்து பனியில் ஒரு முழங்காலை ஊன்றி, அவள் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். வசந்தாமணி அவர் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, காலைத் தூக்கிக் கொடுத்தாள். ஒரு கணம்கூடக் கீழே குனிந்து பார்க்கவில்லை. பத்து வருஷமாகத் தனக்குக் கிடைத்துவந்தது அந்தப் பார்க்காமல் இருத்தல்தான் என்று கிட்டுசாமிக்கு அப்போது தெரிந்தது. அது இன்னொருவர் கைக்குப் போவதைக் கண்ணெதிரே பார்த்தபடி நின்றான். இதுவரை பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மார்த்தா எழுந்து கயிறுகளைப் பிரித்தார். முதல் கயிற்றில் மார்த்தா, வசந்தாமணி, இன்னொருவர். இரண்டாவது கயிற்றில் கடைசி முனை கிட்டுசாமிக்கு. அவன் கோடரியை எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றை வாங்கிக் கொக்கியில் மாட்டினான். அவனுக்கு முன்னால் இருந்தவர் சம்பளப் பட்டுவாடாப் பிரிவிலிருந்து வந்த, அதிகம் பழக்கமில்லாத மனிதர். அவரிடம், "என் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா, பார்க்கிறீர்களா?" என்று கேட்டான். அவர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். முன்கயிறு நகரத் தொடங்கியது.